புரவியும் பரீட்சையும்

புறநானூற்றிலே குதிரைமறத் துறைப் பாடல்களைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த சிற்றூரினனாகிய மாணாக்கன் ஒருவன், "ஐயா, குதிரை ஏறுவதற்கும் பரீட்சை உண்டாமே?" என்று வினவினான். ஏனையோர் நகைத்தனர். வினாவோ நகைத்தற்குரியதன்று. அத்தகைய பரீட்சைகள் உண்டு. அவற்றின் அமைப்போ, தமிழ் கற்பாரும் கற்பிப்பாரும் ஊன்றி நோக்கற்பாலது.

இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டு தோன்றிய பிரித்தானியக் குதிரைச் சங்கம், படிப்படியாக உயர்ந்து செல்லும் பரீட்சைகளை நடத்தி வருகின்றது. அவற்றுள் சவாரி ஒரு கூறு. பராமரிப்பு மற்றொரு கூறு. அழகாக ஏறிச் செலுத்துதல் மாத்திரம் போதாது. குதிரையின் உடலைத் தேய்த்துத் துலக்குதல், சேணமும் கடிவாளமும் பூட்டுதல், பந்தியிலே இலத்தியை அகற்றிப் படுக்கை பரப்புதல் ஆகியவற்றைத் தொடக்கப் படியிலேயே தன் கையாற் செய்து காட்டல் வேண்டும்.

இவை எளிய பணிகள் என எண்ணற்க. குதிரைக்கு வாந்தியெடுக்கும் இயல்பு இல்லை; அதன் இரைப்பையும் உடலின் பருமனை நோக்கச் சிறியது. ஆதலின் ஒரே வேளையில் மிகுதியாகத் தீனியிட்டால் கொடிய வயிற்று நோவு கண்டு அது இறத்தலுங் கூடும். சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்டுக என்னும் விதி இக்காரணம் பற்றியே எழுந்தது. நலமுள்ள குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 பாகை செல்சியசு. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 25 முதல் 42 வரை. இவற்றை அறிந்தவனே நோயைத் தொடக்கத்திற் காண வல்லவனாவான்.

நம் முன்னோரும் குதிரையை அறிந்தவரே. ஒட்டகம், கழுதை முதலியவற்றோடு குதிரையின் பெண்ணுக்கும் 'பெட்டை' என்னும் பெயர் உரித்தெனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கின்றது. பரி, புரவி, இவுளி, கலிமா எனப் பெயர்கள் பல உள. பொன்முடியார் புறநானூற்றுப் பாட்டொன்றில், உழுந்துச் சக்கை தின்ற சிற்றூர் மன்னனின் குதிரை படையைப் பிளந்து செல்ல, நெய்ச்சோறு உண்ட வேந்தனின் குதிரைகள் தயங்கி நின்றதைக் காட்டுகின்றார். தீனியின் செழுமை வேறு, பயிற்சியின் செம்மை வேறு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தல் அரிது.

ஆயினும், பாட்டிலே வாழ்ந்த அறிவு பந்தியிலே எந்நாளும் நிலைத்ததா? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பெற்ற குதிரைகளுள் மிகப் பல விரைவில் மடிந்தன என்று எழுதினார். பேணத் தெரிந்தாரும் மருத்துவரும் இன்மையே அதற்குக் காரணம் என்றார். வணிகர் குதிரை மருத்துவரை வரவிடாது தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரை இறந்தால் மீண்டும் விற்கலாமன்றோ! கேட்டெழுதியவற்றுள் மிகை இருப்பினும் இருக்கலாம். எனினும் செல்வம் குதிரையை வாங்கும், அறிவே அதனை வாழ்விக்கும் என்னும் உண்மை அதனாற் குன்றாது.

ஈழத்துக்கும் இப்பொருள் புதிதன்று. கடல்வழிக் குதிரை கொணர்ந்த வணிகன் ஒருவனின் மைந்தராகிய சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அநுராதபுரத்தில் 22 ஆண்டுகள் ஆண்டனர் என மகாவம்சம் கூறும். நெடுந்தீவிலே இன்றும் குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. வறட்சிக் காலங்களில் நீரின்றி அவற்றுட் பல மடிந்ததும் உண்டு. அரசாண்ட குதிரை வணிகரை வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகின்றது. ஆனால் நள்ளிரவில் எழுந்து புல்லிட்டு, குளம்பு பார்த்து, நோயுற்ற விலங்கின் அருகே விழித்திருந்த வாதுவர் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறாமையால் அவரோடே மாய்ந்தது.

அவ்வறிவைக் கல்வியென மதித்து, வரிசைப்படுத்தி, சோதித்து, சான்றிதழும் நல்குவதே இப்பரீட்சைகளின் தனிச்சிறப்பு. இலத்தி வாருதலும் ஈண்டு கல்வியே. நம் பரீட்சைகளோ எழுதுகோலோடு தொடங்கி எழுதுகோலோடு முடிகின்றன. புரவிக்குப் பத்துப் பெயர் ஒப்பிக்கும் மாணாக்கனுக்கு முழுப் புள்ளி வழங்குகின்றோம், வழங்குதலும் முறையே. எனினும் உழவன், மீனவன், தச்சன், வாதுவன் ஆகியோரின் கையில் உள்ள கல்வியையும் கல்வியென ஏற்கும் நாள் வருமாயின், நம் தமிழ் பெயர்களை மட்டுமன்றிப் பொருள்களையும் காக்கும்.