உங்களுக்குத் தெரியுமா? மாகாளியில் வெனிலாவின் உறவு!

பாட்டி வீட்டு ஜாடியோடு போய்விடும் என்று நினைத்த ஊறுகாய்களை இன்று இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் தேடிப்பிடித்து கூரியரில் வரவழைக்கிறார்கள். மாவடு, ஆவக்காய், உப்பு நார்த்தங்காய் வரிசையில் மாகாளிக்கிழங்கும் உண்டு. மூட்டைப்பூச்சி வாசனை என்று சிலர் மூக்கைப் பொத்தும் அதே கிழங்குதான்! அந்த மணத்தைத் தரும் வேதிப்பொருளும், ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலினும் ஒரே மூலக்கூறு வாய்ப்பாடு கொண்டவை. அணுக்கள் அமைந்த விதம்தான் வேறு. மண் போகக் கழுவி, தோல் சீவி, நடு நரம்பை எடுத்து, மோரில் ஊறப்போடும் பக்குவத்துக்குப் பொறுமை வேண்டும். தயிர்சாதத்துக்கு அதற்கு இணை வேறில்லை.

குடல்நலம் பற்றிய ஆர்வமும் இந்தத் தேடலுக்கு ஒரு காரணம். உப்புநீரில் ஊறும் மாவடுவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இயல்பாகவே வளர்ந்து புளிப்பூட்டும். வினிகர் ஊற்றிச் சூடாக்கி அடைக்கும் பாட்டில் ஊறுகாயில் இது நடப்பதில்லை. ஆனால் இரண்டிலுமே உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துவது நல்லது.

இன்னொன்று: மாகாளிக்கிழங்கு பெரும்பாலும் காட்டில் தோண்டி எடுக்கப்படுவது. வேரோடு பறித்தால் கொடியே போய்விடும். பல மலைகளில் அது அருகி வருகிறது. வாங்கும்போது, தோட்டத்தில் பயிரிட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.