பொருளியல் பயில யாரிடம் செல்வது?

தாயகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும் எழும் வினா, எந்தக் கல்லூரி என்பதே. பொறியியலையும் மருத்துவத்தையும் விடுத்துப் பொருளியலை நாடும் பிள்ளைகளின் பெற்றோரும் அவ்வாறே கல்லூரியின் பெயரை விசாரிக்கின்றனர். அங்கே கற்பிப்பவர் யார் என்று விசாரிப்போர் அரியர். காய்ச்சல் என்றால் மருத்துவமனையின் பெயரோடு மருத்துவரின் பெயரையும் கேட்டறியும் நாம், பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளை ஒப்படைக்கும் இடத்தில் ஆசிரியர் பெயரைக் கேளாதிருப்பது வியப்பே.

தில்லிவாழ் நேயர் பலரும் அறிந்த பெயர் ‘டெல்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ்’. 1949-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தவர் வி. கே. ஆர். வி. ராவ். காஞ்சிபுரத்தில் 1908-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், நம் நாட்டின் தேசிய வருமானத்தைக் கணக்கிட முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர். கட்டடத்தினும் ஆசிரியரே முதன்மை என்பதை அவர் அறிந்திருந்தார். 1953-இல் கே. என். ராஜ் அங்கு வந்து சேர்ந்தார். 1960-களின் நடுப்பகுதியில் அமர்த்தியா சென், ஜகதீஷ் பகவதி, சுகமய் சக்ரவர்த்தி ஆகியோரும் ராஜும் ஒரே காலத்தில் அங்குப் பேராசிரியர்களாக விளங்கினர். அந்நாளில் அங்கே இடம் பெற்ற மாணவன் கொடுத்துவைத்தவன் என்பதில் ஐயமில்லை.

ஆயின், 1968-இல் பகவதி அமெரிக்கா சென்றார். 1971-இல் சென் லண்டனுக்குப் பெயர்ந்தார். அதே ஆண்டில் ராஜ் திருவனந்தபுரம் சென்று வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். பெயர்ப்பலகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னரும் அங்கு நல்லாசிரியர் பலர் வந்தனர் என்பது உண்மையே. எனினும் ஒரு நிறுவனத்தின் புகழ் குறிப்பிட்ட சிலர் குறிப்பிட்ட சில ஆண்டுகளில் ஈட்டியது. அது பரம்பரைச் சொத்தாகப் பின்வருவோர்க்கெல்லாம் பங்கிடப்படுவதன்று. இன்னுமொன்று, பெற்றோர் பலர் அறியாதது: அங்குள்ள பொருளியல் துறை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. இளங்கலை வகுப்பு அங்கில்லை. அது கல்லூரிகளில் நடைபெறுகின்றது. எனவே, அத்துறையின் புகழை எண்ணித் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலையில் சேரும் பிள்ளை, நாள்தோறும் காணப்போவது தன் கல்லூரி ஆசிரியரையே.

அக்கல்லூரி ஆசிரியருக்கும் உரிமை குறைவு. பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம். இறுதித் தேர்வுக்கு வினா விடுப்பதும் அதுவே. அவ்வாறாயின் ஆசிரியர்க்கு ஆசிரியர் வேறுபாடு எங்கே தோன்றும்? சிறு குழுவாக அமர்ந்து விவாதிக்கும் பயிற்சி வகுப்பிலும், மாணவர் எழுதித் தரும் கட்டுரையை அவர் திருத்தும் முறையிலுமே தோன்றும். நல்லாசிரியருக்கு இலக்கணம் கேட்டால், யான் சென்னையில் நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒன்றையே காட்டுவேன்.

1915-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் துறைக்கு முதற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். நம் சிற்றூர்களைப் பற்றி அவர் பாடம் சொல்லப் புகுந்தபோது, அவரினும் மாணவர்களே அவ்வூர்களை நன்கறிந்தவர்கள். அதனை அவர் குறையாகக் கொள்ளவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் கையில் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். நிலம் எவ்வளவு, யாருக்கு உரியது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன வட்டி என்று கேட்டு எழுதிவரச் செய்தார். எழுதி வந்தவற்றை வாங்கி வைத்துக்கொண்டு மதிப்பெண் இட்டதோடு அமையாது, அவற்றைத் தொகுத்து 1918-இல் நூலாகவே வெளியிட்டார். தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானும், தென்னார்க்காட்டு இருவேல்பட்டும், வடார்க்காட்டுத் தூசியும் பொருளியல் உலகில் பெயர் பெற்றது இவ்வாறே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் பின்னரும் அறிஞர் சிலர் அவற்றுட் சில ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, முன்னைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட்டு வந்துள்ளனர். மாணவர் விடுமுறையில் எழுதிய ஏடு இவ்வளவு காலம் பயன்பட்டதற்குக் காரணம், அவர்களிடம் கேள்வியைக் கொடுத்து, விடையை மெய்யாகவே படித்த ஓர் ஆசிரியர் இருந்ததுதான்.

ஆதலின் நம் பிள்ளை சேர விரும்பும் கல்லூரியில் கேட்கத்தக்க முதற்கேள்வி இது: அவர் கட்டுரை வாங்குகிறாரா, வாங்கியதைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பித் தருகிறாரா? சொந்த ஊரானால் அக்கல்லூரியில் பணிபுரியும் உறவினர் ஒருவர் சொல்வார். பிற மாநிலத்தில் நமக்கு அத்தகைய துணை இல்லை. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவரையே கேட்க வேண்டும். “நல்ல ஆசிரியரா?” என்று கேட்டால் “ஆம்” என்பார்கள், அதனாற் பயனில்லை. திருத்தப்பட்ட கட்டுரைத்தாள் ஒன்றைக் காட்டுமாறு கேளுங்கள். ஓரத்தில் ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதா, வெறும் எண் மட்டும் இருக்கிறதா என்று கண்ணாலேயே அறியலாம்.

மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவன் என்ற முறையில் மற்றொரு சோதனையும் சொல்வேன். ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்னும் தொடர் காதுக்குக் கடுமையானது. பொருளை உணர்ந்தவர் அதை இட்லியைக் கொண்டே விளக்கிவிடுவார்: பசித்தவனுக்கு முதல் இட்லி அமுதம், நான்காவது போதும் என்பது, ஏழாவது தண்டனை, அடுத்து வரும் ஓர் இட்லி தரும் நிறைவே இறுதிநிலைப் பயன்பாடு. உணராதவர் கலைச்சொல்லுக்கு மற்றொரு கலைச்சொல்லையே விடையாகத் தருவார். அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது எங்களைத் திணற வைப்பவை, எழுதியவருக்கே தெளிவில்லாத வாக்கியங்கள்தாம். உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தை இரவு உணவின்போது பாட்டிக்குத் தமிழில் சொல்ல இயலுமானால், அவ்வாசிரியரை நம்பலாம்.

குறிப்புகளை ஓதி எழுதவைக்கும் ஆசிரியரிடம் மதிப்பெண் மிகுதியாகக் கிடைக்குமே என்பர் சிலர். மதிப்பெண்ணுக்கும் மதிப்புண்டு, முதுகலைக்கும் வேலைக்கும் அது கேட்கப்படும். ஆயினும் பழைய வினாத்தாள்களைத் தேடிப்பிடித்துத் தனியே பயின்றும் மதிப்பெண் பெறலாம். தவறான வாதத்தை எதிரில் அமர்ந்து மறுத்துரைக்கும் ஒருவர் வினாத்தாளில் கிடைக்கமாட்டார்.

இவையெல்லாம் சேர்ந்தபின் நிகழ்பவை. சேர்வதற்கு முன் ஒரு வாயில் உண்டு. அது பதினோராம் வகுப்பிலேயே அடைபட்டுவிடக்கூடும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்புக்கு, 2022 முதல் நடைமுறையில் உள்ள பொது நுழைவுத் தேர்வில், கணிதத்தை ஒரு பாடமாக எழுதியாக வேண்டும். வணிகவியல் பிரிவில் சேரும்போது கணிதம் கடினமென்று அதனைக் கைவிட்டு, ஈராண்டு கழித்துப் பொருளியலுக்கு விண்ணப்பிக்க முனைவோர் இங்கே இடறுகின்றனர். அப்போது ஆசிரியர் யாராயிருந்தென்ன? பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்திலேயே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நலம்.