கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

சித்திரை பிறந்ததும் கார் ஏசி கடைகளில் ஒரே வசனம்தான் காதில் விழும்: "கேஸ் கொறஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். அடுத்த கோடையில் அதே கடை, அதே வசனம். ஓட ஓடப் பெட்ரோல் தீர்வதுபோல் ஏசி கேஸும் தீர்ந்துபோகும் என்றே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அது தீராது. சிறிய கார்களில் இருப்பது ஏறத்தாழ அரை கிலோ கேஸ்; பெரும்பாலும் ஆர்-134ஏ. கம்ப்ரசர் அதை அழுத்தும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறையும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே வரும். ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. ஆனால் ஒரே வருஷத்தில் சூடான காற்று வர ஆரம்பித்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். சாலையில் தெறிக்கும் கல் பட்ட கண்டென்சராக இருக்கலாம், ஈரத் தூசியில் அரித்துப்போன கூலிங் காயிலாக இருக்கலாம், காய்ந்து போன ஓ-ரிங்காகவும் இருக்கலாம்.

கண்டென்சர் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. மாற்றும் வேலையைக் காட்டும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. பம்பரை இறக்கு, சில போல்ட்டுகளைக் கழற்று, இரண்டு குழாய்களைப் பிரி. ஸ்பேனர் வேலை என்ற அளவில் இது பெரிய வித்தையே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம். சிக்கல் குழாயைத் திறந்த நிமிடத்தில் தொடங்குகிறது. கேஸ் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுகிறது. சென்னை போன்ற கடலோர ஊர் என்றால் அந்தக் காற்றோடு நிறைய ஈரமும் புகும்.

அந்த ஈரம் வால்வின் துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். ஏசி சிறிது நேரம் குளிர்ந்து, பிறகு நின்று, வண்டியை நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஈரம் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கவும் செய்யும். கம்ப்ரசரில் இருக்கும் பிஏஜி எண்ணெய் வேறு காற்றில் உள்ள ஈரத்தை ஆசையாகக் குடிக்கும். டிரையர் என்ற சிறு குப்பி இருப்பதே ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். திறந்து கிடந்தால் அதுவும் நிரம்பிவிடும். குழாயைத் திறந்தால் டிரையரையும் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல.

உள்ளே ஒட்டிய ஈரத்தைத் துடைக்க வழியில்லை. கொதிக்க வைத்துத்தான் விரட்ட வேண்டும், அதுவும் நெருப்பில்லாமல். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அழுத்தத்தை ஏறத்தாழ 32 மில்லிமீட்டராகக் குறைத்தால் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேக்கம் பம்பு அதற்கும் வெகு கீழே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இறக்குகிறது. ஈரம் ஆவியாகிப் பம்பு வழியே வெளியேறுகிறது. இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் பம்பை நிறுத்தினால் காற்று போயிருக்கும், எண்ணெயில் கரைந்த ஈரம் போயிருக்காது. பிறகு வால்வை மூடிவிட்டுக் கேஜ் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டையோ ஈரமோ இன்னும் பாக்கி.

அடுத்து கேஸ் நிரப்புவது. கேஜைப் பார்த்தே அளவு சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். நிற்கும் காரில், 30 டிகிரி வெப்பத்தில், அது 97 பிஎஸ்ஐ அளவில் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதுதான், 450 கிராம் இருந்தாலும் அதுதான். கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு அல்ல. ஏசி ஓடும்போது காட்டும் அழுத்தம் ஓரளவு துப்பு தரும், அதுவும் வெயிலுக்கும் விசிறி வேகத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே பழைய கேஸை மீட்பு இயந்திரத்தில் எடுத்து, வேக்கம் போட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு நிரப்புவதே சரி. டாப்-அப் என்பது, என்னைக் கேட்டால், காசு வாங்கிக்கொண்டு செய்யும் ஊகம்.

காணொளிகளில் பல அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே சிறு கேன்களில் கேஸ் கடையிலேயே கிடைக்கும். 2018 முதல் தானே மூடிக்கொள்ளும் வால்வு அவற்றில் கட்டாயம். கேஸை வேண்டுமென்றே காற்றில் விடுவது அங்கே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் ஓடும் ஏசியில் கேனைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுண்டு. அப்போது திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போகும். திரவத்தை அழுத்த முடியாது, உள்ளிருக்கும் வால்வு உடையும். அழுத்தம் அதிகமுள்ள ஹை சைடில் கேனை மாட்டினால் கேனே வெடிக்கலாம். கையில் தெறித்தாலோ, மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள், தோல் உறைந்துபோகும்.

பழைய ஆர்-12 ஓசோனை அழித்ததால்தான் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் சுமார் 1,300 மடங்கு. 450 கிராமை வெறுமனே திறந்துவிட்டால் ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது.

வீட்டில் செய்யக்கூடியவை தனி. பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை மாற்றலாம். கண்டென்சரில் அடைந்த தூசியை மெல்லிய நீர்வீச்சில் கழுவலாம். ஃபியூஸ், ரிலே, புளோயர் ரெசிஸ்டர் எல்லாம் கை எட்டும் தூரம்தான். எதற்கும் கேஸ் குழாயைத் தொட வேண்டியதில்லை. குளிரவில்லை என்ற புகார்களில் பல இவற்றிலேயே தீரும். கண்டென்சரையும் நாமே மாற்றியே தீருவது என்றால், முதலில் கடையில் கேஸை எடுக்கச் சொல்லி, மாற்றிய பின் மறுபடி கடைக்கே போய் வேக்கமும் கேஸும் போட்டுக்கொள்ளலாம். நடுவில் ஏசி சுவிட்சைத் தொடக் கூடாது. புதிய பாகத்தின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். ஓ-ரிங்குகளுக்கு எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. ஆரஞ்சு நிறக் கேபிளில் உயர் மின்னழுத்தம் வந்து கம்ப்ரசரை ஓட்டுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய் வேண்டும். சாதாரணக் கார்களுக்குப் பயன்படுத்திய குழாயில் ஒட்டியிருந்த பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் கம்ப்ரசர் சுருளின் மின்காப்பு கெட்டுவிடும் என்பதால், அந்தக் கார்களுக்குத் தனிக் கருவி வைத்திருக்கும் கடையாகத் தேடிப் போக வேண்டும்.