கணக்காளர் அலுவலகத்தின் இணையதளம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் பெருகப் பெருக, கணக்குத் துறை வல்லுநரின் துணை நமக்கு மிகுதியாக வேண்டப்படுகிறது. தமிழ்நாட்டில் சங்கங்களைத் தணிக்கை செய்யும் பொறுப்பு கூட்டுறவுத் தணிக்கைத் துறையினுடையது. எனினும் வருமான வரி விவரம், ஜி.எஸ்.டி. கணக்கு முதலியவற்றுக்குப் பட்டயக் கணக்காளரைப் பல சங்கங்கள் நாடுகின்றன. உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கோ அவருடைய தணிக்கை சட்டப்படி கட்டாயமாகும். அத்தகைய ஒருவரைத் தேடுவோர் இன்று முதலில் காண்பது, கைப்பேசியில் தோன்றும் அவருடைய இணையதளத்தையே. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளுள் இத்தொழிலுக்குப் படித்துச் சிறு நகரங்களில் அலுவலகம் திறப்போரும் உளர். ஆதலின், நல்லதோர் இணையதளத்தின் இலக்கணம் யாது என்பதை இரு சாராரும் அறிதல் பயனுடைத்து.

கடைக்கு விளம்பரப் பலகை எழுதுவதுபோல் இதனை எழுதலாகாது. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, வேலை வேண்டி விளம்பரம் செய்வதைத் தொழில் ஒழுக்கக் கேடாகக் கூறுகிறது. இணையதளம் பற்றிய விதிகளை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அவ்வப்போது திருத்தி வருகிறது. தளம் அமைக்குமுன் அன்று நடப்பிலுள்ள விதிகளைப் படித்துவிடுதல் முதற்கடமை. இக்கட்டுப்பாட்டால் நட்டம் ஒன்றுமில்லை. தம்மைப் புகழும் நூறு சொற்களைவிட, படிப்பவர் தாமே சரிபார்க்கக்கூடிய ஓர் எண் அதிக நம்பிக்கையைத் தரும்.

ஆகவே முதலில் வேண்டுவது அடையாளம். அலுவலகத்தின் பெயர், கழகத்தில் பெற்ற பதிவு எண், பங்குதாரர்களின் பெயரும் உறுப்பினர் எண்ணும், தெருவும் கதவிலக்கமும் கூடிய முகவரி, அலுவலக நேரம், தொலைபேசி எண் ஆகியவை முகப்பிலேயே இருத்தல் நன்று. கணக்காளர் அல்லாதோர் பொய்க் கையொப்பமிட்டுச் சான்றிதழ் வழங்கி வந்ததைத் தடுக்க, யு.டி.ஐ.என். என்னும் 18 இலக்கக் குறியீட்டைக் கழகம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் எல்லாச் சான்றிதழ்களுக்கும் அது கட்டாயம். அக்குறியீட்டைக் கழகத்தின் தளத்தில் இட்டு எவரும் சரிபார்க்கலாம். அதனைச் செய்யும் முறையை இரண்டு வரியில் விளக்கும் கணக்காளர், தம் வாடிக்கையாளரை மோசடியினின்று காக்கிறார்.

முதலீட்டு ஆலோசனை கூறுவோரின் தளத்தில் இந்த அடையாளம் இன்னும் அவசியமாகும். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் செபியிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண் இல்லாத தளம் எவ்வளவு அழகாயிருப்பினும் அதனை நம்பிப் பணம் செலுத்தலாகாது. நிச்சய இலாபம் என்று உறுதி கூறும் தளத்தை உடனே மூடிவிடுவதே உத்தமம். அறுவடைப் பணத்தையும் ஆண்டு போனஸையும் இழந்த பின் புலம்பிப் பயனில்லை.

இரண்டாவது, செய்யும் பணிகளைப் படிப்பவரின் நிலையிலிருந்து எழுதுதல். "வரி ஆலோசனை, தணிக்கை, இதர சேவைகள்" என்று அடுக்கினால் நெசவாளர் சங்கக் காரியதரிசிக்கு ஒன்றும் விளங்காது. "கைத்தறிச் சங்கத்துக்கு", "உற்பத்தியாளர் கம்பெனிக்கு", "நூல் வியாபாரிக்கு" என்று தனித்தனிப் பக்கங்கள் வகுத்து, ஒவ்வொன்றிலும் கொண்டுவர வேண்டிய பேரேடு, ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு நகல், சென்ற ஆண்டின் ஐந்தொகை முதலியவற்றைத் தமிழில் பட்டியலிடுதல் வேண்டும். ஒரு தாளுக்காக இருமுறை பஸ் ஏறி அலையும் செலவு இதனால் மிச்சமாகும்.

மூன்றாவது, தேதி. இதன் அருமைக்கு ஓர் உதாரணம் காண்போம். குடிசைத் தொழில் நடத்தும் சங்கமும், அங்கத்தினர் விளைவித்த பொருளை விற்றுக்கொடுக்கும் சங்கமும் அத்தொழிலில் பெறும் இலாபம் முழுவதற்கும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80பி பிரிவு கழிவு அளித்தது. ஆனால் குறித்த நாளுக்குள் விவரம் தாக்கல் செய்யாத சங்கத்துக்கு அக்கழிவு இல்லை என்று 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதித்தது. ஒரு நாள் அசதி, ஓர் ஆண்டு உழைப்பின் பயனை வரியாக்கிவிடக் கூடும். எனவே தாக்கல் தேதிகளைக் கூறும் பக்கமே தளத்தின் மிகப் பயனுள்ள பக்கமாகும்.

அப்பக்கம் பழையதாயின் தீங்கே விளையும். 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலின் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் செயற்பட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டதால் பிரிவு எண்களும் மாறின. பழைய விகிதத்தைத் தாங்கி நிற்கும் தளம் அலுவலகத்தின் கவனக் குறைவுக்கே சாட்சி கூறும். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "கடைசியாகத் திருத்திய நாள்" இருத்தல் வேண்டும். பராமரிக்க இயலாத இருபது பக்கங்களினும், மாதந்தோறும் திருத்தப்படும் ஐந்து பக்கங்கள் மேலானவை.

நான்காவது, பாதுகாப்பு. பான் எண், ஆதார் நகல், வங்கி விவரம் ஆகியவற்றைத் திறந்த படிவத்தில் கேட்டல் கூடாது. கடவுச்சொல்லிட்டுக் காக்கப்பட்ட தனி வழியிலேயே அவற்றைப் பெறுதல் வேண்டும். பிறர் தகவலைச் சேகரிப்போருக்கு உள்ள பொறுப்பை 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. தளத்தின் முகவரியை அமைத்துக் கொடுப்பவர் பெயரில் விடாமல், அலுவலகத்தின் பெயரிலேயே பதிவுசெய்து ஆண்டுதோறும் புதுப்பித்தலும் அவசியம். கைவிட்ட முகவரியைப் பிறர் வாங்கி, அதே பெயரில் மக்களை ஏமாற்ற இடமுண்டு.

தளம் முடிந்ததும் பரீட்சை செய்தல் எளிது. அதனை முன்பு பாராத ஒரு சங்கக் காரியதரிசியிடம் விலை குறைந்த கைப்பேசியைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: இவர் பதிவு பெற்றவரா? நாம் எந்தத் தாள்களைக் கொண்டுபோக வேண்டும்? அடுத்த தாக்கல் தேதி எது? பிறர் துணையின்றி அவர் விடை கண்டுவிட்டால் தளம் நன்று. தடுமாறினால் குறை தளத்தினுடையதே.

கணக்காளரைத் தேடும் நிர்வாகக் குழுவினரும் இம்மூன்று கேள்விகளையே கேட்பார்களாக. அங்கத்தினர்களின் பணத்தை ஒப்படைக்குமுன் சரிபார்த்தல் அவமதிப்பாகாது. அதுவே பொறுப்புள்ள நிர்வாகத்தின் இலக்கணம்.