முகத்துக்கு ஏற்ற பவுடர்

பவுடர் பூசுவது முகத்தை வெளுப்பாக்குவதற்கே என்ற அபிப்பிராயம் நம்மவர் மனத்தில் எப்படியோ வேரூன்றிப் போயிற்று. அதன் பலனாக, கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வந்து நிற்பவர்களை எந்தக் கல்யாண மண்டபத்திலும் காணலாம். பவுடருக்கு வர்ணத்தை மாற்றும் உத்தியோகமே கிடையாது. முகத்தில் கசிகிற எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சி, அவற்றால் உண்டாகும் மினுமினுப்பை அடக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

இதன் மூலப்பொருள் பெரும்பாலும் டால்க் என்னும் மக்னீஷியம் சிலிகேட். கனிப்பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 1 என்ற முதற்படியில் நிற்கும் அதி மிருதுவான பொருள் அது. நம் பாட்டிமார் வற்றற்குழம்பு கொதிக்கவைத்த கல்சட்டி எந்த மாக்கல்லில் குடையப்பட்டதோ, அந்தக் கல்லிலும் பிரதானமாக இருப்பது இதுதான். நுண்ணிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் விரலிடையே வழவழக்கும். ஆனால் டால்க் மட்டும் முகத்தில் நிலைத்து நிற்காதாகையால், ஒட்டிக்கொள்வதற்கு ஜிங்க் ஸ்டியரேட், எண்ணெயை உறிஞ்சக் கேயோலின் என்னும் வெண்களிமண், தழும்பு முதலியவற்றைச் சிறிது மறைக்க டைட்டேனியம் டையாக்ஸைடு, நிறத்துக்கு இரும்பு ஆக்ஸைடுகள் என்று பலவற்றையும் கலந்து முகப் பவுடரைத் தயாரிக்கிறார்கள். உடம்புக்குப் போடும் டப்பாப் பவுடரோ ஏறக்குறைய முழுவதும் டால்க்கும் வாசனையுமே. அதையே முகத்துக்கும் உபயோகிப்பவர்கள், பூசிய ஒரு நாழிகைக்குள் திட்டுத்திட்டாகிவிட்டதென்று குறைப்படுவதில் ஆச்சரியமில்லை.

எண்ணெய் வழியும் முகத்தை உடையவர்கள்தாம் பவுடரை அதிகமாக நாடுகிறவர்கள். அதை அதிகமாகத் தவறாகப் பிரயோகிக்கிறவர்களும் அவர்களே. மூக்கும் நெற்றியும் பளபளக்கத் தொடங்கியதும் பழைய பூச்சின்மேல் மறுபடி அப்பினால், எண்ணெயும் தூளும் குழைந்து பசையாகி, மூக்கோரத்து மடிப்புகளில் கோடு கட்டிக்கொள்ளும். முதலில் மெல்லிய காகிதத்தாலோ கைக்குட்டையாலோ எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு கொஞ்சமே போடுவதுதான் உசிதம். சென்னையின் சித்திரை வெயிலில் இந்த ஒற்றுதல் ஒன்றே பாதிப் பவுடரை மிச்சப்படுத்தும். இப்படிப்பட்டவர்களுக்கு எண்ணெய் சேராத, கேயோலின் கலந்த தூள் பவுடர் பொருந்தும்.

வறண்ட சருமத்தின் சங்கடம் வேறு. உறிஞ்சுவதற்கு அங்கே எண்ணெய் இல்லாதபோது, பவுடர் வெடிப்புகளிலும் செதில்களிலும் போய் அமர்ந்து, இல்லாத வயதைக் காட்டிவிடுகிறது. ஸ்னோவோ கிரீமோ தடவி, அது உள்ளே ஊறும்வரை பொறுத்திருந்து, லேசாகத் தொட்டுக்கொள்வது போதும். அதையும் விட்டுவிட்டால் நஷ்டமொன்றுமில்லை. நெற்றி, மூக்கு, மோவாய் மட்டும் எண்ணெய் கசிந்து, கன்னம் வறண்டிருப்பவர்கள் நம்மில் அநேகர். எண்ணெய் கசியும் அந்த மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்வதே அவர்களுக்கு நல்லது. பரு உள்ளவர்களும் எளிதில் அரிப்புக் காணும் சருமத்தினரும் வாசனை குறைந்ததாகப் பார்த்து வாங்கவேண்டும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் புறங்கையில் தடவிப் பார்ப்பது வழக்கம். முகத்தின் நிறமும் கையின் நிறமும் ஒன்றல்லவாதலால், தாடையோரத்தில் தடவி, கடையின் டியூப் லைட்டை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து, கழுத்தோடு இசைகிறதா என்று பார்ப்பதே சரி. எண்ணெய் ஊறினால் பவுடர் சற்றுக் கறுக்கும் சுபாவம் உடையது. ஆகவே கால்மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்த பின்பே பணத்தை எடுக்கலாம். மாநிறத்துக்கு மாநிறமும் கறுப்புக்குக் கறுப்பை ஒட்டிய பழுப்புமே பொருத்தம். ரோஜா நிறப் பவுடர் நம் முகங்களில் சாம்பல் பூத்தாற்போலத்தான் நிற்கும்.

பூசும்போது தேய்க்கக் கூடாது. பஃபில் எடுத்த தூளை உள்ளங்கையில் ஒருமுறை தட்டி உதிர்த்துவிட்டு, முகத்தில் அழுத்தி அழுத்தி ஒற்றி, மிஞ்சியதை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளிவிடவேண்டும். கன்னத்துப் பூனைமயிர் கீழ்நோக்கிப் படிந்திருப்பதால், மேல்நோக்கித் தேய்த்தால் தூள் அதில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பஃபை வாரத்துக்கு ஒருமுறையேனும் சோப்பில் அலசிக் காயவைக்காதவர்கள், நேற்றைய வியர்வையையும் அழுக்கையும் சேர்த்தே இன்றும் பூசிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையின் முகத்தருகே டப்பாவைக் கவிழ்த்து உதறும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடவேண்டும். காற்றில் பறக்கும் டால்க் தூள் சுவாசப்பையில் புகுந்தால், பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறலே உண்டாகக்கூடும்.