கல்லீரல் புழு மருந்துக்கு மசியாதது ஏன்?

ஆடு மாடுகளின் பித்தநாளத்தில் குடியிருக்கும் ஃபாசியோலா ஹெபாடிகா இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டைப்புழு. ஈரநிலத்து நத்தைக்குள் பெருகி, வெளியேறி, புல்லிலும் நீர்க்கீரையிலும் உறையிட்டு ஒட்டிக்கொள்கிறது. மேயும் மாடும், பச்சையாகக் கீரை தின்னும் மனிதரும் அதை விழுங்குகிறார்கள். பொலிவியாவின் மலைப் பீடபூமியில் அது மனித நோயாகவே வேரூன்றியிருக்கிறது. உறையைவிட்டு வெளிவரும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறையைக் கடந்து, ஈரலை வாரக்கணக்கில் தின்றபடியே பித்தநாளத்தைச் சேரும். அதற்கு வழிவெட்டித் தருபவை கதெப்சின் என்ற நொதிகள்.

2015இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினரும் கூட்டாளிகளும் இப்புழுவின் மரபணுத்தொகுதியை வெளியிட்டபோது, அது சுமார் 130 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டதாக இருந்தது. ஒட்டுண்ணிக்கு இது மிகப் பெரிய அளவு. கதெப்சின் மரபணு பலமுறை இரட்டித்து, படிகள் தனித்தனி வேலைக்குத் தேறியிருந்தன: இளம்புழுவில் ஒன்று கொலாஜனை அறுக்கிறது, வளர்ந்த புழுவில் மற்றவை இரத்தப் புரதத்தைச் செரிக்கின்றன. ஆனால் என் கணிப்பில் பெரிய செய்தி, புழுவுக்குப் புழு தென்பட்ட வேறுபாட்டின் மிகுதிதான். இத்தனை வகை கொண்ட கூட்டத்தில் ஒரு மருந்தைத் தாங்கும் புழு முன்பே இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விடுகிறது. இளம்புழுவையும் கொல்லும் ஒரே முதன்மை மருந்தான டிரைகிளாபெண்டசோலுக்கு ஆஸ்திரேலியாவில் 1995இலேயே எதிர்ப்பு பதிவானது.

நத்தை வாழும் சதுப்பை வேலியிட்டு அடைத்தால் போதுமே, மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தலுக்கு ஏன் செலவு என்று கேட்கலாம். வேலி உதவும், ஆனால் மாட்டின் குளம்புத் தடத்தில் தேங்கும் நீரே அந்தச் சேற்று நத்தைக்குப் போதும், மானும் முயலும் புழுவைச் சுமந்து திரிகின்றன. மருந்தைக் கைவிட முடியாதபோது, அது எங்கே பலிக்கும் என்று முன்கூட்டி அறிந்தாக வேண்டும். இன்றோ மருந்து கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, சாணத்தில் முட்டை எண்ணிப் பார்க்கிறார்கள். 2023இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எதிர்ப்புள்ள புழுவையும் எதிர்ப்பற்றதையும் இனக்கலப்பு செய்து, எதிர்ப்பு உறையும் இடத்தைச் சுமார் 32 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பகுதிக்குள் அடக்கினார்கள். எந்த மரபணு என்று இன்னும் தீர்மானமாகவில்லையே என்பது நியாயமான ஆட்சேபம். ஆயினும் அப்பகுதியின் அடையாளக் குறிகளை முட்டையிலேயே தேடும் சோதனைக்கு அது வழி திறக்கிறது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து ஒரு படி வந்தாலே எதிர்ப்பு வெளிப்பட்டு விரைவில் பரவக்கூடும் என்பதால் அந்தச் சோதனை அவசரமானது. இந்தியச் சமவெளி மாடுகளில் பரவலாக இருப்பது இதன் உறவினமான ஃபாசியோலா ஜைகாண்டிகா; பிரிட்டன் புழுவில் கண்ட இடமே அதிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதன் பல புழுக்களின் மரபணுத்தொகுதியைத் தனியே வாசித்தாக வேண்டும்.