ஆராய்ச்சிக்குச் செல்லும் வழி

அறிவியல் கற்போர் பலர்; அதனை வளர்ப்போர் சிலர். வளர்க்க விரும்புவோர் முதுகலைப் பட்டத்தோடு அமையாது, முனைவர் பட்ட ஆராய்ச்சியிற் புகுதல் வேண்டும். அதற்கு வழி யாது?

ஆராய்ச்சிக்கு முதல் தேவை வினா. பின்னலாடைக்குப் புகழ்பெற்ற திருப்பூர் இதற்குச் சான்றாகும். பருத்தித் துணியிற் சாயம் நன்கு பற்றுதற்பொருட்டுச் சாய நீரில் உப்பை மிகுதியாக இடுவர். சாயம் துணியிற் படியும்; உப்போ நீரிலேயே தங்கிவிடும். அந்நீர் பல்லாண்டுகள் நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரை நுண்சவ்வுகளின் வழியே செலுத்தி நன்னீரை மீட்கும் முறை வலுப்பெற்றது. எனினும், எஞ்சும் உப்புக் கலவையைப் பிரித்துப் பயன்படுத்தல் எளிதன்று. உப்பின்றியே சாயமேற்றல் கூடுமா? உவர்ப்பேறிய நிலத்தைத் திருத்தல் கூடுமா? இவை வேதியியலும் உயிரியலும் விடைகாண வேண்டிய வினாக்கள். தம் ஊரின் துன்பத்தை உற்றுநோக்கும் மாணவர்க்கு ஆராய்ச்சிப் பொருள் அருகிலேயே கிடைக்கும்.

வினா அமைந்தபின், அத்துறையில் வல்ல வழிகாட்டியை நாடல் வேண்டும். திருப்பூரை அடுத்துள்ள ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை இராமானுசன் அவ்வாறே நாடினார். கல்லூரித் தேர்வில் தவறியதால் அவர் பட்டம் பெற்றாரல்லர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். 1913-ஆம் ஆண்டு சனவரியில், கேம்பிரிட்சுப் பேரறிஞர் ஆர்டிக்குக் கடிதம் வரைந்தார். அதற்குமுன் வேறு அறிஞர்க்கு எழுதியவை பயன்தரவில்லை. அதனால் அவர் மனந்தளர்ந்தாரல்லர். தம் வறுமையை மட்டும் எழுதாமல், தாம் கண்ட முடிபுகளையும் உடன் அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஆர்டி வியந்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. மும்மாதத்திற்கு ஒருமுறை அவர் தம் ஆராய்ச்சி பற்றி அறிக்கை அளித்தார். 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார்.

இன்று வழிகள் ஒழுங்குபெற்றுள்ளன. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்து அளிக்கும் உதவித்தொகைக்கு ‘நெட்’ என்னும் தேர்வு உண்டு. அதில் உயர்நிலை பெறுவோர்க்குரிய இளநிலை ஆய்வுதவித்தொகை, 2023-ஆம் ஆண்டு தொடக்கம் முதல் திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஆனால், தேர்வில் வெல்வதால் மட்டும் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிடாது. ஆராய்ச்சிக்கு இடமளிப்பது பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ ஆகும். எனவே, கோவைப் பாரதியார் பல்கலைக்கழகம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்றவற்றின் அறிவிப்புகளை நோக்கி, உரிய காலத்தில் விண்ணப்பித்தல் வேண்டும்.

விண்ணப்பிக்குமுன், வழிகாட்டியாரின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தல் இன்றியமையாதது. ஒரே கடிதத்தைப் பலர்க்கும் படியெடுத்து அனுப்புதல் பயனற்றது. தாம் கற்றது யாது, செய்த சோதனை யாது, அறிய விழைவது யாது என்பவற்றைச் சுருங்கவும் உண்மையாகவும் எழுதுதல் வேண்டும். நேர்முகத் தேர்வில் அறியாததை அறியேன் என்பது இழுக்கன்று. அறிந்ததுபோல் நடிப்பதே இழுக்கு.

பனியன் தைக்கும் தாய்தந்தையரின் மக்களும் பொருட்கவலை குறைந்து ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை துணைநிற்கிறது. நொய்யலின் துயரைக் கண்டு வளர்ந்த மாணவ மாணவியரே அதற்குத் தீர்வு காண முன்வருவாராயின், அவர்தம் கல்வி தமக்கும் ஊர்க்கும் பயன்படுவதாகும்.